ஒரு மணி நேரத் தண்டனை

கொண்டலூர் ராஜா வச்சிரமார்த்தாண்டருக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருந்தது. அது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். தலையை வெட்டும் வழக்கம் ஒழிந்து, வெயிலில் முட்டி போட வைக்கும் வழக்கம் மட்டும் மிச்சமிருந்த காலம். தினமும் ஒரு மணி நேரம் ராஜா தம் சொந்தக் கவிதைகளைச் சபையில் வாசிப்பார். அது தண்டனையில் சேராது.

ஒருமுறை ராஜா ஐரோப்பா போனார். மாட்ரிட்டிலிருந்து லிஸ்பனுக்கு ஐந்நூறு கிலோமீட்டர். மாட்ரிட் கடிகாரத்தில் மணி பத்தாகும்போது கிளம்பினார்கள். லிஸ்பனில் இறங்கினால், அந்த ஊர்க் கடிகாரத்தில் பத்து இருபது!

"இருபதே நிமிஷமா? பலே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி விமானி தவசிமுத்துவுக்குப் போட்டார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாலையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

திரும்பும்போதும், லிஸ்பன் கடிகாரத்தில் பத்து மணிக்கே கிளம்பினார்கள். மாட்ரிட் கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

ஊர் வந்ததும் சபையில் விசாரணை. அமைச்சர் ஆண்டியப்பருக்கு வேலையில்லாத மச்சினன் ஒருவன் உண்டு. அவனை விமானியாக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

"இருபது நிமிஷப் பயணம் மகாராஜா! இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிட்டான்!" என்று தூபம் போட்டார்.

தவசிமுத்து கைகூப்பினான். "மகாராஜா, லிஸ்பனைவிட மாட்ரிட் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். இரண்டு தடவையும் ஒன்றேகால் மணிக்குச் சற்று மேலேதான் பறந்தோம்."

"மணி ஊருக்கு ஊர் மாறுமா? கடிகாரம் காட்டுவதுதான் மணி! நாளை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் முட்டி போடு!"

தவசிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷம்தான் அவன் முட்டியில் தகடு வைத்திருந்தார்கள். முட்டி போனால் வேலையும் போச்சு.

சபையின் கெட்டிக்காரன் நன்னையன் எழுந்தான். ராஜா அந்த இரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு கடிகாரம் வாங்கி, முள்ளைக்கூடக் கொண்டலூர் நேரத்துக்கு மாற்றாமல் சபையில் மாட்டியிருந்தார்.

"தண்டனையை நான் நிறைவேற்றுகிறேன், மகாராஜா. அந்த இரண்டு கடிகாரங்களையும் கொடுங்கள். ஒரு நிமிஷம் பிசகாமல் அளந்துவிடுகிறேன்."

"அப்படியே செய்" என்றார் ராஜா.

மறுநாள் முற்றத்தில் வெயில் கொளுத்தியது. நன்னையன் லிஸ்பன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"எட்டு மணி. முட்டி போடு!"

தவசிமுத்துவின் முட்டி தரையைத் தொட்டது. நன்னையன் மாட்ரிட் கடிகாரத்தின் பக்கம் திரும்பினான்.

"ஒன்பது மணி. எழுந்திரு!"

"மோசடி!" என்று குதித்தார் ஆண்டியப்பர்.

"கிளம்பும்போது ஒரு ஊர்க் கடிகாரம், இறங்கும்போது இன்னொரு ஊர்க் கடிகாரம். மகாராஜா அளந்தது அப்படித்தான், நானும் அப்படியே அளந்தேன். இது மோசடியா, அமைச்சரே?"

ராஜா இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தவசிமுத்து, போய் விமானத்தைக் கவனி. நன்னையா, உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

"பெரிதாக ஒன்றுமில்லை, மகாராஜா. இந்த இரண்டு கடிகாரங்களும் சபையிலேயே இருக்கட்டும். இன்றிலிருந்து தங்கள் கவிதை வாசிப்பை லிஸ்பன் கடிகாரத்தில் தொடங்கி, மாட்ரிட் கடிகாரத்தில் முடித்துக்கொண்டால் போதும்."