பூந்திக்கொட்டை அடுக்களைக்கு வெளியே போன கதை

அந்தக் காலத்தில், கொட்டைக்கும் கிழங்குக்கும் வாயிருந்தபோது, பூவாத்தாவின் அடுக்களையில் பூந்திக்கொட்டை வைத்ததுதான் சட்டம். கத்தரியோ வெள்ளரியோ, அதன் நுரையில் குளித்த பிறகுதான் அருவாமனைப் பக்கம் போக முடியும்.

ஒரு மழைக்காலத்தில், நறுக்கி வைத்த வெள்ளரியைத் தின்ற பூவாத்தாவின் மகளுக்கு வயிறு கெட்டுவிட்டது. மறுநாள் பூவாத்தா நறுக்கிய துண்டுகளை மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து துண்டு என்றால் மஞ்சள்தான்.

பூந்திக்கொட்டைக்கு வயிறு பற்றி எரிந்தது. முகத்துக்கும் இந்த மஞ்சள், குழம்புக்கும் இவள், போதாதென்று என் வேலையிலுமா கை வைப்பாள்? அதற்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லலாம், கொட்டைக்குச் சோறு ஏது என்று நீங்கள் கேட்காமல் இருந்தால்.

"தோலுக்கு நீங்க, நறுக்குனதுக்கு நானு. இதுல என்னங்ணா சண்டை?" என்றது மஞ்சள்.

அந்த 'ங்ணா'தான் அதற்கு இன்னும் பொறுக்கவில்லை.

மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நல்லண்ணன் சீர்த்தட்டோடு வர, பூவாத்தா வாசலுக்கு ஓடினாள். அண்டாவில் வெள்ளரித் துண்டுகள் மஞ்சள் தண்ணீரில் கிடந்தன. பூந்திக்கொட்டை உருண்டு போய் உள்ளே குதித்தது. 'இத்தனை சுத்தமாகக் கழுவியது யார் என்று ஊரே கேட்கட்டும்' என்று தன் பலமெல்லாம் கூட்டித் தேய்த்தது.

பந்தியில் முதல் துண்டை நல்லண்ணன்தான் வாயில் போட்டான். முகம் கோணியது. கடைவாயில் நுரை தள்ளியது. அவன் மடியிலிருந்த காதுகுத்துப் பிள்ளையும் ஒரு துண்டைக் கடித்துக் குமட்டிக்கொண்டு வீறிட்டது.

"ஏம்மா பூவாத்தா, தாய்மாமனுக்கு வெக்கிற விருந்தா இது?" என்று கேட்டுவிட்டு அவன் இலையை விட்டு எழுந்தான். கூடவே பந்தியும் எழுந்தது.

பூவாத்தா அண்டாவுக்குள் கைவிட்டுப் பூந்திக்கொட்டையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

"அழுக்குப் போகத்தான தேச்சேன்" என்றது அது.

"தோலிருந்தா உன்ற கசப்பு வெளியவே நின்னுக்கும். நறுக்குன பொறவு எது தடுக்கும்? இத்தன நாளு கழுவுனவனுக்கு அது தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் குதித்தது.

"கழுத்துல கெடக்கற தங்கத்தக்கூட உன்ற கையில கழுவக் கழட்டிக் குடுப்பேன். எம்பட புள்ள திங்கற துண்டக் குடுக்க மாட்டேன், போ."

அன்று முதல்தான், நகையையும் பட்டுச் சேலையையும் பூந்திக்கொட்டையை நம்பி ஒப்படைக்கிற வீட்டில்கூட, ஒரு வெள்ளரித் துண்டை அதன் பக்கம் யாரும் நகர்த்துவதில்லை.