பதினோராம் பாத்தி

"நான் ஒரு பொய்கூட எழுதல மேடம். பின்ன ஏன் நம்ப மாட்டேங்கிறாங்க?"

இப்படிக் கேட்ட தணிகாசலத்துக்கு வயது நாற்பத்தொன்பது. கேள்வியை வாங்கிக்கொண்ட ரஷீதாவுக்கு முப்பத்து நான்கு. அவர்தான் வழிகாட்டி. பகுதி நேர ஆய்வில் இதெல்லாம் சகஜம். மாணவருக்குத் தலை நரைத்திருக்கும், ஆசிரியையின் பிள்ளை யு.கே.ஜி. படித்துக்கொண்டிருக்கும்.

தணிகாசலம் மேல்நிலைப் பள்ளியில் விவசாயப் பாடம் நடத்துகிறவர். அது வயிற்றுக்கு. பேர் புகழுக்குப் பட்டிமன்றம். வந்தவாசியைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் நோட்டீஸில் அவர் படம் இருக்கும். அவர் பேச எழுந்தால் எதிரணிக்காரர்களே கை தட்டிவிட்டு, அப்புறம் அசடு வழிவார்கள்.

அப்பேர்ப்பட்டவரை முகம் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் மூன்று வரியில் மடக்கிவிட்டார்.

அவருடைய ஆய்வு மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வரும் வேரழுகல் பற்றியது. விதையில் ஒரு நுண்ணுயிர்ப் பொடியைக் கலந்து விதைத்தால் நோய் குறைகிறதா என்று பார்த்தார். பொடி போட்ட பாத்தி பன்னிரண்டு, போடாத பாத்தி பன்னிரண்டு. மூன்று போகம் விதைத்து எடுத்தார். நோய் குறையத்தான் செய்தது.

அதை ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினார். முதல் இதழ் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழ் இந்த மூன்று வரியை அனுப்பியது.

'நடை நன்றாக இருக்கிறது. முடிவை நம்ப முடியவில்லை. எந்தப் பாத்திகளில் பொடி பயன் தரவில்லை?'

பதில் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். கட்டுரை ஏற்கப்படாவிட்டால் முனைவர் பட்டம் இல்லை. பதிவுக்காலம் இந்த டிசம்பரோடு முடிகிறது. ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் வீண்.

"மூணாவது வரியைப் பாருங்க மேடம். வம்புக்கு இழுக்கிறாங்க. நான் சராசரியைக் கொடுத்திருக்கேன். பன்னிரண்டு பாத்தியும் அதுக்குள்ள இருக்கு. எதையும் விடல."

"பதில் எழுதிட்டீங்களா சார்?"

எழுதியிருந்தார். நான்கு பக்கம். மேடையில் எதிரணிக்கு வைக்கிற எல்லா வெடியும் அதில் இருந்தது.

ரஷீதா நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார்.

"நல்லா இருக்கு சார்."

"அனுப்பிடலாமா?"

"வாங்க, ஒரு நடை போயிட்டு வந்துடலாம்."

ஆய்வுப் பண்ணையின் கோடியில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பூங்காவனத்தின் கொல்லை. இரண்டு காணி. மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைக்க உழுது போட்டிருந்தாள். வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தவளை ரஷீதா கை காட்டிக் கூப்பிட்டார்.

"ஒரு வாரமா இவங்க பொடி கேட்டுக்கிட்டே இருக்காங்க சார். போடலாமா வேண்டாமான்னு சொல்லுங்க. அப்புறம் கடிதத்தை அனுப்பலாம்."

இவ்வளவுதானா என்றிருந்தது தணிகாசலத்துக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஐந்நூறு பேரைப் பார்த்தவருக்கு ஒரு ஆள் எம்மாத்திரம்?

"அம்மா, கண்ணுக்குத் தெரிஞ்ச எதிரின்னா கையில அருவா எடுக்கலாம். மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எதிரியை என்ன செய்வீங்க? மண்ணுக்குள்ளயே போய் மறிக்கிற காவல்காரன்தான் இந்தப் பொடி. இது வேருக்கு வேலி. உங்க வேர்வைக்கு உத்தரவாதம். மூணு போகம் போட்டுப் பாத்து, ஐயத்துக்கு இடமே இல்லாம நாங்க நிரூபிச்சிருக்கோம்."

பூங்காவனம் மண்வெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மருந்துக் கடைக்காரரும் இப்படித்தான் சார் நல்லா சொன்னாரு. போன வருசம் அவரு பேச்சைக் கேட்டு ஒரு காணி சுத்தமா போச்சு."

மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டடி போனவள் நின்று, திரும்பினாள்.

"எங்கயாவது பொடி கேக்காம போச்சா சார்?"

மேடையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் தணிகாசலம் ஒரு நகைச்சுவையில் அடித்துவிட்டுப் போயிருப்பார். ஒன்று நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

ரஷீதாவைப் பார்த்தார். அவர் புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த புல் விதைகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

பூங்காவனம் காத்திருந்தாள். அவள் பின்னால் உழுத மண் விதைக்கத் தயாராகக் கிடந்தது. இந்தப் பட்டம் போனால் அவளுக்கு இந்த வருஷமே போனது. தணிகாசலத்துக்கு நகைச்சுவை உள்ளே போய்விட்டது.

"போச்சும்மா" என்றார்.

குரல் தாழ்ந்திருந்தது. மேடைக்குரல் இல்லை.

"அதோ கால்வா ஓரமா ரெண்டு பாத்தி தெரியுது பாருங்க. பதினொண்ணு, பன்னெண்டு. அங்க மூணு போகமும் செடி செத்துடுச்சு. பொடி போடாத பாத்திக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. மத்த பத்துலயும் நல்லா நின்னுச்சு. நூறு செடியில அஞ்சாறு போயிருக்கும், அவ்ளோதான்."

"அது பள்ளமாச்சே. தண்ணி நிக்கும்."

"அதனாலயான்னு நானும் நெனச்சேன். உறுதியா தெரியல. மண்ணே வேற மாதிரியாகூட இருக்கலாம்."

பூங்காவனம் கால்வாயைப் பார்த்தாள். பிறகு தன் கொல்லையைப் பார்த்தாள். மேட்டிலிருந்து பள்ளம்வரை கண்ணாலேயே ஒரு தடவை நடந்து வந்தாள்.

தணிகாசலத்துக்கு வருத்தமாக இருந்தது. வாங்க வந்தவளைத் தானே விரட்டிவிட்டோம் என்று நினைத்தார்.

மண்வெட்டி தோளிலிருந்து கீழே இறங்கியது.

"கிலோ விதைக்கு எவ்ளோ கலக்கணும் சார்?"

அவர் சொன்னார். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"மேட்டுக்கு முழுசா போட்டுடறேன். பள்ளத்துல நாலு சாலுக்கு மட்டும் குடுங்க. எனக்கும் தெரியணும் இல்ல?" என்றாள். "சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

வரப்பேறிப் போய்விட்டாள். போகிற போக்கில் யாரையோ கூப்பிட்டு, பள்ளத்துப் பக்கம் நான்கு உழவுச் சால் தள்ளி அடையாளத்துக்குக் கொம்பு நடச் சொல்வது கேட்டது.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து மதிப்பீட்டாளரின் கடிதத்தை எடுத்தார். முதல் இரண்டு வரியை விட்டுவிட்டு மூன்றாவது வரியை மட்டும் படித்தார். இன்னொரு தடவை படித்தார். காது மடல் சூடாகிவிட்டது. அவமானம்தான், வேறென்ன.

இத்தனை நாளும் அந்த வரிக்கு ஒரு முகம் வைத்திருந்தார். எதிரணியில் உட்கார்ந்துகொண்டு நக்கலாகச் சிரிக்கிற முகம். இப்போது அந்த முகத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த இடத்தில் தோளில் மண்வெட்டியோடு ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

நான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தார். கிழித்துப் போட மனசு வரவில்லை. அதில் இரண்டு வரி நிஜமாகவே நன்றாக இருந்தது. பங்குனித் திருவிழாவுக்கு ஆகும்.

"பேனா இருக்கா மேடம்?"

ரஷீதா கொடுத்தார்.

மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து, கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். இரண்டு வரிதான் எழுதினார். பேனா நின்றுவிட்டது.

ரஷீதா குனிந்து படித்தார்.

'பதினோராம் பாத்தியிலும் பன்னிரண்டாம் பாத்தியிலும் பொடி பயன் தரவில்லை. மூன்று போகமும் செடிகள் செத்துவிட்டன.'

"ஏன் சார்?"

"தெரியல மேடம்."

"அடுத்த வரி அதுதான்."