ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு விமானம்

ஆலங்கரடு என்ற பாறைக் குன்றின்மேல் இருக்கும் மடத்தின் குரு மங்களநாயகிக்கு நாற்பத்தாறு வயது. சீடர் திருமேனிக்கு அறுபத்து மூன்று. அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். உங்களில் யாருக்கு யார் பெரியவர் என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் கஞ்சி ஊற்றப்படும். குடித்து முடிப்பதற்குள் கேள்வி மறந்துவிடும்.

திருமேனி முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் இருந்தவர். ரயிலுக்குக் காத்திருந்த இருட்டில் நட்சத்திரங்களைத் தெரிந்துகொண்டார். மடத்துக்கு வந்தபின் அமாவாசைதோறும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நம் ஆட்கள் அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரம் சொல்லத் தவறமாட்டார்கள். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். கஞ்சி குடிக்க வந்தவர்களைப் பாறைமேல் உட்காரவைத்து, "நீ கார்த்திகையா? அதோ, அந்தக் கொத்து" என்று ஆளாளுக்குக் காட்டிக் கொடுப்பார். விரலால் காட்டினால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள் என்று, பேனா அளவில் ஒரு பச்சை லேசர் விளக்கு வாங்கி வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் கம்பி இழுத்தது போல ஒரு கோடு நேராக மேலே போகும்.

தை அமாவாசையன்று குரு மடத்தில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு துக்க வீடு.

மடத்தைக் கூட்டிப் பெருக்கும் பூரணத்துக்கு அன்றைக்கு ரோகிணியைக் காட்டிக்கொண்டிருந்தார் திருமேனி.

"சிவப்பா ஒன்னு தெரியுதா? அதுதான் நீ."

"நான் இம்புட்டுச் சிவப்பா? எங்க மாமியார் கேக்கணும் இதை."

கூட்டம் சிரித்தது. அப்போது ஏழேகால் விமானம் ரோகிணிக்குக் கீழே வந்தது. விமான நிலையம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர்தான். கரட்டைத் தாண்டித்தான் எல்லாம் இறங்கும்.

"ஐயா, அதைத் தொட முடியுமா?" என்றான் ஒருவன்.

"ஏன் முடியாது?"

கோடு நகர்ந்து விமானத்தின் மூக்கைத் தொட்டது. நழுவியது. மறுபடி தொட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

விமானத்தின் சத்தம் மாறியது. மூக்கு நிமிர்ந்தது. இறங்க வந்தது மேலே ஏறி, வளைந்து, இருட்டுக்குள் போய்விட்டது.

"ஐயாவுக்குப் பயந்து ஓடுது!" என்றார்கள்.

திருமேனி சிரிக்கவில்லை. கரட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் இறங்குகிற விமானம் ஏறிப்போய் அவர் பார்த்ததில்லை. பதினெட்டு நிமிஷம் கழித்து அது திரும்பி வந்து இறங்கும் வரைக்கும் அவர் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் எஸ்.ஐ. படியேறி வந்தார்.

"நேத்து இங்கே கூட்டமா ஐயா?"

"நட்சத்திரம் காட்டினோம்."

"எதால?"

"விரலால."

லேசர் திருமேனியின் மடியில் இருந்தது. பூரணம் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

எஸ்.ஐ. மூச்சு வாங்கப் பாறையில் உட்கார்ந்தார். "எவனோ ஏழேகால் பிளேன்ல லேசர் அடிச்சிருக்கான். இங்கே கடுகளவு இருக்கும் ஐயா. போகப்போக விரிஞ்சு அங்கே சைக்கிள் சக்கரம் அளவு ஆயிடும். முன்கண்ணாடியில பட்டா உள்ளே முழுக்கப் பச்சை. ஓட்டினவருக்கு ரன்வே விளக்கும் தெரியல, எதிர்ல இருக்கிற மீட்டரும் தெரியல. தரையைத் தொட ரெண்டு நிமிஷம் இருக்கு. பக்கத்து சீட்காரர் மேலே தூக்கி, சுத்தி வந்து, இறக்கியிருக்காரு. நூத்தி அறுபத்திரண்டு பேரு."

"எல்லாரும்...?"

"நல்லா இருக்காங்க. ஓட்டினவருக்கு மட்டும் கண்ணுல புள்ளி இன்னும் போகலையாம்."

திருமேனி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பத்து மணிக்குச் செய்தி மேலே வந்தது. கரட்டின் அடிவாரத்தில் செபஸ்தியார் கோவில் திருவிழாவுக்கு லைட்செட் போட்டிருந்த சூசைமாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் பெட்டியில் கலர் கலராகச் சுற்றும் லேசர் ஒன்று இருந்ததாம்.

இரண்டு மணிக்குச் சூசையின் மனைவி அமலோற்பவம் ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

"குரு அம்மா இல்லையா?"

"சாயங்காலம் வந்துருவாங்க தாயி. உக்காரு."

"உக்காந்து என்ன ஆகுறது? அவங்க சொன்னா எஸ்.ஐ. கேப்பாரு. எங்க வீட்டுக்காரரு சீரியல் பல்பையே நாலு தடவை தட்டித்தான் எரிய வைப்பாரு. அவராம், வானத்துல போற பிளேனைக் குறி பாத்து அடிச்சாராம்! கேக்கிறவங்களுக்குச் சிரிப்பு வரல?" அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். "நீங்க எல்லாம் மேலேதானே இருந்தீங்க ஐயா. எங்கேருந்து வெளிச்சம் போச்சுன்னு பாத்தீங்களா?"

"கவனிக்கல தாயி."

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். திருமேனி ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். கொஞ்சம் கழித்து இன்னொரு டம்ளர் கொடுத்தார். குழந்தை அழுதபோது தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார். அதன் கை அவர் மடியைப் பிடித்து இழுத்தபோது சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குரு திரும்பி வரும்போது விளக்கு வைக்கும் நேரம். சுனையில் குளித்து முடித்து வந்தவருக்குத் திருமேனி துண்டை நீட்டினார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"ஒருத்தன் ஒன்னு செய்யுறான். அதால கெட்டது எதுவும் நடக்கல. நடக்காத ஒன்னுக்கு அவன் பொறுப்பாக முடியுமா?"

குரு தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். "என்ன செஞ்சீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். விரலால் என்று சொன்னதையும் சொன்னார். முடிக்கும்போது குரல் கெஞ்சியது.

"நானா போய் ஒப்புக்கிட்டா மடத்தையே பூட்டிருவாங்களோன்னு இருக்கும்மா. சூசைமேல சாட்சி இல்ல, நாளைக்கு எப்படியும் விட்டுருவாங்க. அதுவும் வெளிச்சம்தானேம்மா? அதுக்கு எடை உண்டா, சூடு உண்டா? ஒரு நொடி இருக்குமா!"

"அமலோற்பவம் எப்ப வந்தா?"

"ரெண்டு மணிக்கு."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"கவனிக்கலன்னு."

குரு துண்டைக் கொடியில் போட்டார். "புது டார்ச்சை எடுத்துட்டு வாங்க. அந்தப் பச்சையை இங்கேயே வச்சுடுங்க. அது கண்ணையே எடுத்துரும்."

கரட்டுப் படிகளுக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. கைப்பிடிக் கம்பி கிடையாது. குரு இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்குகிற படி அது. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"வீட்டுக்குப் போகலாம் வா" என்று அமலோற்பவத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து படியின் தலையில் நிறுத்தினார். திருமேனியிடம், "இருபது படி இறங்கி நில்லுங்கண்ணே" என்றார்.

அவர் இறங்கி நின்று, படிகளுக்கு வெளிச்சம் காட்டினார்.

"நான் இறங்குறேன். பாதியில வரும்போது என் முகத்துக்கு நேரா அடிங்க. ஒரு நொடி போதும்."

"அம்மா?"

"அடிங்கண்ணே."

குருவின் சொல்லை அவர் மீறியதில்லை. குரு பத்தாவது படியில் கால் எடுக்கும்போது டார்ச்சை அவர் முகத்துக்கு உயர்த்தினார். உடனே அணைத்தார்.

தூக்கிய கால் படியைத் தேடியது. இடது கை பாறைக்கு நீண்டது. பாறை அந்தப் பக்கம் இல்லை. குருவின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு தொப்பென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று விளிம்பைத் தாண்டிப் போனது. அது விழுந்த சத்தம் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் கேட்டது.

"அம்மா! அணைச்சுட்டேன்மா, அணைச்சுட்டேன்!"

"தெரியும்."

"எந்திரிச்சுடாதீங்க!"

"எந்திரிச்சா எந்தப் பக்கம் கால் வைக்கிறதுன்னு தெரியல. முன்னால வட்டமா ஒன்னு நிக்குது. கண்ணை மூடினாலும் நிக்குது."

திருமேனி நின்ற இடத்திலேயே நின்றார். மேலே போய்க் கையைப் பிடிக்கலாமா, போனால் இடித்துத் தள்ளிவிடுவோமா என்று தெரியவில்லை.

"என்னம்மா விளையாட்டு இது, இந்த நேரத்துல?" என்றாள் மேலிருந்து அமலோற்பவம்.



வெகுநேரம் கழித்து குரு, திருமேனி மறுபடி படியில் காட்டிய வெளிச்சத்தில், பாறைப் பக்கமாக நகர்ந்து, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்தார்.

"அமலோற்பவம், இப்ப நீ இறங்கி வா. அண்ணே, இவளுக்கும் அதே மாதிரி அடிங்க. ஒரு நொடிதான்."

அமலோற்பவம் குருவையே பார்த்தாள். அந்த அம்மா சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது படி. மூன்றாவது படி.

திருமேனி டார்ச்சை அணைத்து, தோள் துண்டுக்குள் சுருட்டி நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார்.

"என்னால முடியாதும்மா."

"ஏன்? வெளிச்சம்தானே?"

"பிள்ளை இருக்கும்மா. கீழே பாறை இருக்கு."



திருமேனி தடவித் தடவி மேலே வந்தார். அமலோற்பவத்துக்கு ஒரு படி கீழே நின்றார். அவள் முகம் இருட்டில் தெரியவில்லை. அது ஒரு வசதியாக இருந்தது.

"தாயி, சூசை அடிக்கல. நான்தான்."

"என்ன?"

"பிளேன்ல லேசர் அடிச்சது நான்தான். நட்சத்திரம் காட்டுற விளக்கு. கூட்டம் கேட்டுச்சு, அடிச்சேன். ரயில் டிரைவர் கண்ணுல எவனாவது டார்ச் அடிச்சிருந்தா கேட்டை விட்டு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது."

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"ரெண்டு மணியிலேருந்து உக்காந்திருக்கேன்" என்றாள் மெல்ல. "ரெண்டு டம்ளர் மோர் குடுத்தீங்க. புள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. அப்பவும் சொல்லலையே ஐயா."

"சொல்லல."

"அவரு அங்கே சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு."

"இப்பவே ஸ்டேஷனுக்கு வர்றேன். விளக்கையும் எடுத்துட்டு வந்து எஸ்.ஐ. மேசையில வைக்கிறேன். நில்லு தாயி, வெளிச்சம் காட்டுறேன்."

"உங்க வெளிச்சம் ஒன்னும் வேண்டாம். ஆளை விடுங்க."

அவள் அவரை உரசிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தாள். திருமேனி மடத்துக்கு ஓடி, லேசரை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு வந்தார். குரு வெறுங்காலோடு அதே இடத்தில் பாறையைப் பிடித்தபடி நின்றார்.

திருமேனி அவர் எதிரில் வந்ததும் நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது.

"எஸ்.ஐ.கிட்ட சொல்லிருவேன்மா. சூசைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன். ஆனா அந்த நூத்தி அறுபத்திரண்டு பேரு யாருன்னே எனக்குத் தெரியாது. அவங்களுக்கு நான்தான்னும் தெரியாது. நான் எங்கே போய் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கிறது?"

கீழே இருட்டில் அமலோற்பவத்தின் கொலுசுச் சத்தம் ஒவ்வொரு படியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது. மறுபடி தொடங்கியது.

குரு அந்தப் பக்கம் பார்த்தார்.

"டார்ச்சைத் தாழ்த்திப் பிடிங்கண்ணே. அவ தனியா இறங்குறா."