கஞ்சி காத்தவள்

ஆலை வேலைநிறுத்தத்தில் கஞ்சித் தொட்டியை நடத்திவந்த தாயாரம்மாள் போலீஸ் தடியடியில் செத்துப்போனாள். அடித்தவர்கள் மேல் வழக்கில்லை; கலகம் செய்ததாக அவள் புருஷன் பொன்னுரங்கம் மேல்தான் வழக்கு. விலங்கோடு கோர்ட்டில் நின்றவன், அவளைத் தகனம் செய்துவர அனுமதி கேட்டான்.

மாஜிஸ்திரேட் வேதாசலத்துக்குத் தன்னை ஐகோர்ட் நீதிபதி மாதிரி அழைக்க வேண்டுமென்று ஆசை. "முதல்ல மை லார்டுன்னு கூப்பிடு. அப்புறம் பாக்கலாம்."

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுங்களா ஐயா?"

வக்கீல்கள் சிரித்தார்கள். "எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?" என்றார் வேதாசலம்.

"ஜெயில்ல ஒரு பழைய அகராதி கிடந்துச்சுங்க. லார்டுன்னா ஆதியில ரொட்டியைக் காக்கிறவர்னு போட்டிருந்துச்சு. எங்க கஞ்சியைக் காத்தவ ஆஸ்பத்திரியில பொணமா கிடக்கா. உங்களை அப்படிக் கூப்பிட்டா பொய்சாட்சி ஆயிடுங்க."

வேதாசலம் மேசை மேலிருந்த அகராதியைப் புரட்டினார், படித்தார், மூடினார். "விலங்கைக் கழற்றாம கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சுடுகாட்டில், அவள் கையால் கஞ்சி குடித்தவர்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாக விலங்குக் கையோடு பொன்னுரங்கம் போட்டான். பிறகு அவள் காதருகே குனிந்து, ஆயுளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னான்.

"மை லார்டு."