அப்பத்துக்கு முன் தீனி

அந்தக் காலத்தில் மாடுகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. கலிலேயா நாட்டு மலைச்சரிவில் அசரியா என்ற யூத உழவனும் அவன் மனைவி கெசியாவும் ஒரு பசுவை வளர்த்தார்கள். அதற்கு அதினா என்று பெயர். வீட்டில் இருந்தது ஒரே அறைதான். அதில் பாதி தொழுவம், நடுவில் இடுப்பளவுச் சுவர். அவர்கள் சாப்பிடுவதை அதினா பார்க்கும். அதினா அசைபோடுவதை அவர்கள் பார்ப்பார்கள்.

நெடுநாள் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. விடிந்ததும் கெசியாவின் முதல் வேலை பசுவுக்குத் தவிடு பிசைந்து வைப்பதுதான். கழுத்தைச் சொறிந்துவிட்டு, "சாப்பிடடி, மகளே" என்பாள். அதினாவும் தன்னை அந்த வீட்டு மகள் என்றே நம்பியது.

பிறகு எமீமா பிறந்தாள்.

இப்போது கெசியா "மகளே" என்றால் அது தொட்டிலைப் பார்த்துத்தான். தவிடு காலையிலிருந்து நண்பகலுக்குத் தள்ளிப்போயிற்று. அப்புறம், எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் யாருக்காவது நினைவு வந்தால் வைப்பது என்றாயிற்று. ஓய்வுநாளில் உழவு கிடையாது, அன்று அதினாவுக்கும் ஓய்வுதான். ஆனால் விளக்கேற்றி, திராட்சரசத்தை ஆசீர்வதித்து, அப்பத்தை ஆசீர்வதித்து, பாட்டும் பாடி முடிக்கும்வரை அது காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை மடி மாறி மாறிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

'இவள் ஒரு சால் உழுதாளா? ஒரு செம்பு பால் கொடுத்தாளா?' என்று அதினா உள்ளுக்குள் பொருமியது. 'இவள் சிணுங்கினால் வீடே ஓடுகிறது. நான் கத்தினால், இரு இரு என்கிறார்கள்.' கேட்டு வாங்கவும் அதற்கு மனம் வரவில்லை. மகள் போய்க் கேட்டா வாங்குவாள்?

அந்தக் கோடையில் கெசியாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. ஊரில் ஆடுகளும் வறட்சியில் மடி வற்றிக் கிடந்தன. அதினா ஒன்றுதான் கறவையில் இருந்தது. அசரியா செம்போடு வந்து உட்கார்ந்தான். பால் யாருக்கு என்று அதினாவுக்குத் தெரிந்தது. அடக்கிக்கொண்டது. கன்றை முட்டவிட்டால் சுரந்தது. அசரியாவின் கை பட்டதும் நின்றுவிட்டது.

"உடம்புக்கு என்ன, அதினா?" என்று கேட்டான்.

"ஒன்றுமில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குழந்தைக்கு வாற்கோதுமைக் கஞ்சித் தண்ணீரைப் புகட்டினார்கள். அது வயிற்றில் தங்கவில்லை. அழுகை நாளுக்கு நாள் மெலிந்தது. அதினா அதை, இவர்கள் கொஞ்சுவதால் வந்த அமைதி என்று எண்ணி இன்னும் எரிந்தது.

தங்கையைப் பார்க்கக் கெசியாவின் அண்ணன் சல்லூம் வந்தான். வேதச் சட்டத்தில் இம்மியும் பிசகாதவன். அன்று மாலை எல்லாரும் கை கழுவிப் பந்தியில் அமர்ந்தார்கள். அசரியா அப்பத்தை எடுத்து, பூமியிலிருந்து அதை விளையச் செய்த கடவுளுக்கு நன்றி சொன்னான். ஆசீர்வாதத்துக்கும் முதல் கவளத்துக்கும் இடையில் யாரும் பேசக்கூடாது.

சுவருக்கு மேலே அதினாவின் தலை எழுந்தது.

"பூமிக்கு நன்றி, வானத்துக்கு நன்றி! அந்தப் பூமியைக் கீறியது யார்? நேற்றிலிருந்து என் தொட்டியில் ஒரு துரும்பு இல்லை. என்னை மகளே என்றீர்களே அம்மா, இவள் வந்ததும் நான் மாடாகிவிட்டேனா?"

அசரியா தொட்டியைப் பார்த்தான். அடிப்பலகை நக்கி நக்கி வழவழத்திருந்தது. கடைசியாக எப்போது நிரப்பினோம் என்று அவனுக்கு நினைவில்லை. கையில் அப்பம். எதிரே சல்லூம், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"கெசியா, முதலில் பசுவுக்குத் தீனி வை!" என்றான் அசரியா.

கெசியா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தள்ளாடி எழுந்தாள். தவிட்டைப் பிசைந்து தொட்டியில் கொட்டினாள். அதினா வாயை வைத்தபோது, எமீமா ஒரு பிடித் தவிட்டை அள்ளித் தன் வாயில் திணித்துக்கொண்டாள். அதினா அவளை முதன்முறையாகக் கிட்டத்தில் முகர்ந்தது. உதடு வெடித்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"இவளுக்கும் பசியா?" என்றது.

"உன் பால் நின்றதிலிருந்து" என்றாள் கெசியா. "மறந்தது நான். தண்டனை இவளுக்கு."

அதினா தவிட்டிலிருந்து வாயை எடுத்தது. மடியிலிருந்து பால் தானாகவே தரையில் சொட்டியது. கெசியா செம்பைத் தேடி ஓடினாள்.

குழந்தை குடித்து முடித்தபின்தான் அசரியா அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டான். அதற்குப்பின் சல்லூம் வாய் திறந்தான்.

"நடுவில் பேசிவிட்டீர் மைத்துனரே. மறுபடி ஆசீர்வாதம் சொல்லியிருக்க வேண்டும்."

"எதற்கு? இந்த அப்பத்துக்காக உழைத்தவளுக்குச் சோறு போடச் சொன்னேன். அதுவும் இந்த ஆசீர்வாதத்தைச் சேர்ந்ததுதான்."

சல்லூம் நெடுநேரம் வாதாடினான். மறுநாள் ஊர்ச் சபையிலும் வாதாடினான். அங்கே அசரியா சொன்னதே சரி என்று முடிவாயிற்று. ஆனால் வீடு திரும்பிய சல்லூம், தன் கழுதைக்குத் தீனி வைத்தபிறகே கை கழுவினான்.

அந்த மாலைக்குப்பின் அதினா பேசவே இல்லை; பேச வைக்க எவ்வளவோ முயன்று பார்த்தார்கள். பொறாமையில் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்ட வாயால் இனி எதையும் கேட்பதில்லை என்று அது முடிவு செய்துவிட்டது. அதன் கன்றும், கன்றின் கன்றும் அதைப் பார்த்துப் பேசாமலே வளர்ந்தன.

அன்று முதல்தான் மாடுகள் பசித்தாலும் வாய் திறந்து கேட்பதில்லை; அதனால்தான் யூதர்கள் கால்நடைக்குத் தீனி வைக்காமல் தாங்கள் உண்ண அமர்வதில்லை, மறந்து அமர்ந்துவிட்டாலும், அப்பத்தைக் கையில் ஏந்திய அந்த மௌனத்தில் "மாட்டுக்குத் தீனி வை" என்று சொல்ல மட்டும் தடையில்லை.