நண்டு முத்திரை

அந்துவன் குன்றேறி வந்தான். ஏறின களைப்பைவிட முகத்தில் கோபம்தான் அதிகம்.

கழுதை முதுகில் ஒரு குடம் எண்ணெய் ஏற்றித் தெருத்தெருவாக விற்றுத் தலையெடுத்தவன் அவன். இன்று துறைமுகத்தில் எவனுக்கும் பணிய மாட்டான். குகையில் தவமிருந்த சேந்தி அம்மை முன்னால் மட்டும் தரையில் உட்காருவான். அவர் அவனைவிட வயதில் இளையவர்.

கையிலிருந்த ஜாடியை அவர் முன் வைத்தான். அதன் கழுத்தில் ஒட்டியிருந்த களிமண் வில்லையில் ஒரு நண்டு பதிந்திருந்தது. எழுத்துத் தெரியாத மாலுமிகூட அந்த நண்டைப் பார்த்தால் அந்துவன் எண்ணெய் என்று முகர்ந்து பாராமல் வாங்குவான்.

“உம்முடைய சரக்குதானே?” என்றார் அம்மை.

“இல்லை அம்மையே. என் நண்டுக்கு இடது கொடுக்கு மொட்டை. அச்சு வெட்டினவனுக்கு உளி நழுவிவிட்டது. இதில் இரண்டும் முழுசாக இருக்கிறது. எவனோ போலி அச்சு செய்திருக்கிறான்.”

“உம்முடையதைவிட நல்ல நண்டு.”

அந்துவன் சிரிக்கவில்லை.

“காலையில் ஓடக்காரன் பெண்டாட்டி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து கடை வாசலில் அழுகிறாள். இதைத் தேய்த்துக் குளிப்பாட்டினாளாம். பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போயிருக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. ‘இது என் எண்ணெயே இல்லை, போ’ என்று விரட்டிவிட்டேன். ஜாடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இனி என் நண்டை எவன் நம்புவான்? முத்திரையை மாற்றட்டுமா? அரசனிடம் போய், அந்தத் திருட்டுப் பயல் கையை வெட்டச் சொல்லட்டுமா?”

“கொடுக்கு மொட்டை என்று அவளுக்குத் தெரியுமா?”

“எனக்கும் அச்சு வெட்டினவனுக்கும்தான் தெரியும்.”

“பிறகு எதை நம்பி வாங்கினாளாம்?”

அந்துவன் குரல் இறங்கியது. “மூத்தவனை என் எண்ணெய் தேய்த்துத்தான் வளர்த்தாளாம்.”

“போலிக்காரனிடம் போய் அழக் கூடாதோ?”

“அவன் யாரென்று யாருக்குத் தெரியும்? எங்கே போய் அழுவாள்?”

அம்மை எழுந்தார். குகை ஓரத்தில் முளைத்திருந்த குப்பைமேனியைக் கிள்ளி, ஒரு துண்டு மஞ்சளோடு முந்தானையில் முடிந்துகொண்டார்.

“எங்கே கிளம்பிவிட்டீர்கள்?”

“ஓடத்துறைக்கு. பிள்ளைக்கு அரைத்துப் பூச.”

“விற்றவன் எவனோ. வெயிலில் நீங்கள் ஏன் அலைய வேண்டும்?”

“அவள் உம்மிடம் வந்து சொன்னாள். நீர் என்னிடம் வந்து சொன்னீர். நான் யாரிடம் போய்ச் சொல்ல?”

அந்துவன் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“கொஞ்சம் பொறுங்கள் அம்மையே. கடைக்குப் போய் நல்ல எண்ணெயாக ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். களிமண் குழைத்து, என் அச்சைக் குத்தி, அது காய்ந்ததும்...”

அம்மை அதற்குள் படி இறங்க ஆரம்பித்திருந்தார்.

“நீரே வரும்போது நண்டு எதற்கு?”