அழுங்கின் கடைசிச் செதில்

விலங்குகளும் பறவைகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு நாளில் ஒரே ஒரு காரியம்தான் நடக்கும். மான் குட்டி போடும் நாளில் காட்டுக்கோழியின் முட்டை பொரியாது. அத்தி பழுக்கும் நாளில் தேனீ கூடு கட்டாது. எந்தக் காரியத்துக்கும் முதலில் நாள் கேட்டுப் பெற வேண்டும். பெற்றுவிட்டால் அந்த நாள் கேட்டவருக்கே சொந்தம். ஆண்டுதோறும் அது திரும்பி வரும்போது காடு முழுவதும் கூடி அவரை மட்டும் வாழ்த்தும்.

நாள் கொடுக்கும் வேலை அழுங்கிடம் இருந்தது. எறும்பும் கரையானும் தின்று வாழும், உடம்பெல்லாம் செதில் மூடிய சிறிய விலங்கு அது. அதன் முதுகிலும் வாலிலும் முந்நூற்று அறுபத்தைந்து செதில்கள் இருந்தன. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செதில். பாயில் காயப்போட்ட அப்பளம்போல அவை ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி இருந்தன. நாள் கேட்டு வருபவர் காலியான செதிலில் தம் அடையாளத்தைக் கீறிவிட்டுப் போவார். கொக்கு அலகால் ஒரு கோடு போடும். முயல் பல்லால் இரண்டு புள்ளி வைக்கும். காலையில் எழும் சூரியன் அந்தச் செதில்களைப் பார்த்துத்தான் இன்று யாருடைய நாள் என்று தெரிந்துகொள்ளும்.

"செதில் செதிலைத் தொட்டால் நாளும் நாளும் கலந்துவிடும். அப்புறம் நான் மலைக்குப் பின்னாலேயே நின்றுவிடுவேன்" என்று சூரியன் சொன்னதாக எல்லாரும் நம்பினார்கள். யாரிடம் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அதனால் அழுங்கு குனியாது, வளையாது, சுருளாது. பலகைபோல நிமிர்ந்தே நடக்கும். பாறையிலிருந்து சொட்டும் நீரை அண்ணாந்து குடிக்கும். புற்றில் வாய்க்கு எட்டும் உயரத்தில் உள்ள கரையானை மட்டும் தின்னும். கொழுத்த கரையானெல்லாம் கீழேதான் இருக்கும் என்று அதற்குத் தெரியும். முதுகு அரித்தாலும் சொறிந்துகொள்ளாது. "இப்படி வேலை பார்க்க அழுங்கு அண்ணனால் மட்டும்தான் முடியும்" என்று காடே சொன்னது. அழுங்குக்கும் அதில் பெருமைதான்.

அந்தக் காட்டில் ஒரு யானை இருந்தது. வயிற்றில் குட்டியோடு அது முதல்முறை நாள் கேட்க வந்தபோது பாதிச் செதில்களுக்கு மேல் காலியாக இருந்தன. அதன் பின்னால் ஒரு முயல் மூச்சு வாங்க நின்றது.

"அண்ணே, இந்தப் புள்ளைக்கு வயிறு ரொம்பக் கனத்துப் போச்சு. முதல்ல இதைப் பாருங்க. நான் பொறுத்து வரேன்" என்று யானை விலகிக்கொண்டது.

அடுத்த முறை வந்தபோது பின்னால் ஓர் ஆமை நின்றது. அதற்கடுத்த முறை ஒரு சிட்டு. ஒவ்வொரு முறையும் யானை வழிவிட்டது. முன்னால் நின்று கேட்பவருக்குக் கொடுப்பதுதான் அழுங்கின் முறை. கேட்காமல் போனவருக்கு அது நாள் எடுத்து வைப்பதில்லை. எதற்கு என்றும் கேட்பதில்லை.

எதற்கு என்று கேட்டிருந்தால் மந்திக்கு மூன்று நாள் கிடைத்திருக்காது. முதன்முதலாகப் பலாப்பழம் பிளந்த நாள் ஒன்று. பலாப்பால் கையில் ஒட்டிக்கொண்ட நாள் ஒன்று. அது ஒருவழியாகப் போன நாள் ஒன்று. மயில் தன் தோகை உதிர்ந்ததற்கு ஒரு நாளும் முளைத்ததற்கு ஒரு நாளும் பெற்று வைத்திருந்தது.

இப்படியே இருபத்திரண்டு மாதங்கள் போயின. வாலின் நுனியில் ஒரே ஒரு செதில்தான் மிச்சம். அதற்குரிய நாள் மறுநாளே வரப்போகிறது.

அன்று காலை யானை பத்தாவது முறையாக வந்தது. நடக்கவே முடியவில்லை. நான்கு அடிக்கு ஒருமுறை நின்று மரத்தில் சாய்ந்து மூச்சு விட்டது.

"வா தாயி. ஒண்ணுதான் இருக்கு. இன்னைக்காவது யாருக்கும் விட்டுக் கொடுக்காதே" என்றது அழுங்கு.

யானை காலைத் தூக்குவதற்குள் ஒரு தட்டான் விர்ரென்று பறந்து வந்து நடுவில் நின்றது.

"நாள் வேணும்! உடனே வேணும்! மலைக்கு அந்தப் பக்கம் மழை வந்து நிக்குது!"

"மழையா? அது யாரு?" என்றது தவளை. அதுவரை அந்தக் காட்டில் மழை பெய்ததே இல்லை. மலை ஊற்றுகளை நம்பித்தான் எல்லாரும் வாழ்ந்தார்கள். அந்த ஊற்றுகளும் அந்த ஆண்டு சுருங்கிச் சேறாகிவிட்டன.

"தண்ணிதான். ஆனா மேலேயிருந்து வரும். காடு முழுக்க வரும். நாள் இல்லாம மலையைத் தாண்ட மாட்டேங்குது. ரெண்டு நாள் காத்திருந்து பார்த்துட்டு வேற நாட்டுக்குப் போயிடுமாம்."

செய்தி பரவியது. தொண்டை வறண்ட விலங்குகள் எல்லாம் ஓடி வந்து அழுங்கைச் சூழ்ந்துகொண்டன.

"மழைக்குக் கொடுங்கண்ணே!"

"அப்போ யானைக்கு?" என்றது அழுங்கு.

"இருபத்திரண்டு மாசம் சுமந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் சுமக்க முடியாதா?" என்றது மந்தி, கிளையில் தொங்கியபடி.

"கொஞ்சம்னா எவ்வளவு? இதை விட்டா வேற நாளே கிடையாது. அந்தக் குட்டி பிறக்கவே பிறக்காது" என்றது அழுங்கு. "உன்கிட்ட மூணு நாள் இருக்கே. ஒண்ணைத் திருப்பிக் கொடேன்."

"எதைக் கொடுக்க? பால் ஒட்டினது இல்லாம பால் போனது எப்படி?"

"மயிலு, நீ?"

"தோகை விஷயத்துல விளையாடாதீங்க" என்று மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

அழுங்கு ஒவ்வொருவராகப் பார்த்தது. ஒவ்வொருவராகத் தலை குனிந்துகொண்டார்கள். தாகமும் பொய்யில்லை, சேற்றில் கிடந்து வாய் பிளக்கும் மீன்களை அழுங்கே பார்த்திருக்கிறது. வேறு வழி தெரியாமல் அது வாலை நீட்டியது. தட்டான் கடைசிச் செதிலில் மெல்லிய கோடு ஒன்றைக் கீறியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

யானை திரும்பி நடந்தது.

அழுங்குக்கு அந்த ஆர்ப்பரிப்பு காதில் விழவில்லை. இதே முதுகை ஒன்பது முறை பார்த்திருக்கிறோமே என்று நினைத்தது. ஒவ்வொரு முறையும் யானை இப்படித்தான், ஒரு சொல்லும் குறை சொல்லாமல் போனது. தானும் ஒவ்வொரு முறையும், முறைப்படி நடந்துகொண்டோம் என்று நிம்மதியாக அடுத்தவரைக் கூப்பிட்டது.

"தாயி, நில்லு!" என்று கத்தியது. "ஏன் ஒண்ணும் கேக்காமப் போறே?"

யானை நின்றது. "எல்லாருக்கும் தாகமா இருக்கே அண்ணே. என் குட்டிக்கும் சேர்த்துத்தானே அந்தத் தண்ணி."

"பிறக்காத குட்டி எப்படித் தாயி குடிக்கும்?"

யானையின் கண்ணோரம் நனைந்தது.

அழுங்கு அதுவரை தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தது. குனிந்தது. முதுகை வளைத்து, மூக்கு வாலைத் தொடும்வரை சுருண்டது. செதில்கள் சடசடவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கூட்டம் அலறியது.

"தொட்டிருச்சு! செதில் தொட்டிருச்சு!"

"சூரியன் வராது! எல்லாரும் செத்தோம்!"

அழுங்கு நிறுத்தவில்லை. கடைசிச் செதிலை எட்டிப் பிடித்து, தட்டான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், தன் நகத்தாலேயே யானையின் காலடிபோல் ஒரு வட்டம் கீறியது.

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் நாள்" என்றது. "ஏதாவது கெட்டுப்போச்சுன்னா பழி என் மேல." பிறகு அந்தச் செதிலை நடுவில் வைத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுகொண்டது. மந்தி குச்சியால் குத்திப் பார்த்தது, அழுங்கு விரியவில்லை.

மறுநாள் பொழுது விடிய வேண்டிய நேரத்தில் விடியவில்லை. கீழ்வானம் கருகருவென்று கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றது மயில்.

"அண்ணே, வெளியே வந்து பாருங்க, உங்க லட்சணத்தை! சூரியனையே காணோம்!" என்றது மந்தி.

சுருண்டிருந்த அழுங்கு எல்லாவற்றையும் கேட்டது. ஒரு வட்டம் போட்டதற்காக உலகத்தையே இருட்டில் தள்ளிவிட்டோமோ என்று பயந்தது. அப்போது அதன் முதுகில் ஏதோ டப்பென்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. குளிர்ந்திருந்தது.

"இருட்டு இல்லை! மேகம்! சூரியன் மேகத்துக்குப் பின்னால இருக்கு!" என்று கத்திக்கொண்டே தட்டான் தாழப் பறந்தது.

மழை மலையைத் தாண்டி வந்தது. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, வறண்ட ஓடையில் இறங்கியது. அதே நேரம் மூங்கில் புதருக்கு அருகே யானை ஒருமுறை உரக்கப் பிளிறியது. பிறகு, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சின்னப் பிளிறல் கேட்டது.

அழுங்கு மெல்லத் தலையை நீட்டியது. மழையில் ஒரு குட்டி யானை நான்கு காலையும் நான்கு திசையில் வைத்துத் தடுமாறி எழுந்து நின்றது. தாய் கழுவிவிட வேண்டிய வேலையே இல்லை, மழையே கழுவிவிட்டது. குட்டி வாயைத் திறந்து முதல் துளியைக் குடித்தது.

அது மட்டுமா? யாரையும் கேட்காமல் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. மரத்தடியில் காளான் குடை விரித்தது. கொண்டைக்குருவியின் கூட்டில் முட்டை பொரிந்தது. எதுவும் எதையும் இடித்துக்கொள்ளவில்லை. நாளின் வயிறு இவ்வளவு பெரியதா என்று அழுங்கு வாய் பிளந்து பார்த்தது.

யானை குட்டியோடு வந்து, துதிக்கையால் அழுங்கின் தலையைத் தொட்டது. பிறகு அழுங்கு குனிந்து, கீழே ஊர்ந்த கொழுத்த கரையான் ஒன்றை முதன்முதலாக நக்கித் தின்றது.

மந்திதான் நனைந்தபடி வந்து நின்றது. "அது சரி அண்ணே. இனி என் பலாப்பழ நாள்ல எவனாவது பிறந்து வெச்சா நான் என்ன பண்றது?"

"பலாப்பழம் பெரிசுதானே? அவனுக்கும் ஒரு சுளை கொடு" என்றது அழுங்கு.

அது நிமிர்ந்து நின்று பார்த்தபோது ஏறிய செதில்கள் இறங்கவில்லை. கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாகவே படிந்துவிட்டன. பிரித்து வைக்க அது முயலவும் இல்லை.

அழுங்கின் செதில்கள் அடுக்கடுக்காக இருப்பதும், அச்சம் வந்தால் அது உருண்டையாகச் சுருண்டுகொள்வதும், யானை இருபத்திரண்டு மாதம் குட்டியைச் சுமப்பதும் அந்த நாளில் தொடங்கியவைதான். ஓர் ஊரில் புதுப் பாலம் திறக்கிற நாளிலேயே இன்னோர் ஊரில் ஒரு போர் ஓய்வதும், அந்த இரண்டையும் அறியாமல் எங்கோ ஒரு குழந்தை முதல்முறை வாய்விட்டு அழுவதும், யாருடைய நாளையும் யாரும் பறித்துக்கொள்ளாமல் நடப்பது, அன்று முதல்தான்.